வட்டி எவ்வளவு என்று ஒரே எண்ணில் சொல்லுங்கள்

ஒரு லட்சம் ரூபாய் கடன். வட்டி 12 சதவீதம். இரண்டு ஆண்டுகளில் மாதத் தவணையாகக் கட்டி முடிக்க வேண்டும். வட்டியாக மொத்தம் எவ்வளவு போகும்?

நம் ஊரில் இதற்கு இரண்டு விடைகள் உண்டு. வங்கியில் கேட்டால் மாதத் தவணை 4,707 ரூபாய், இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து வட்டி 12,976 ரூபாய். இருசக்கர வாகன ஷோரூமின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் ஆளிடம் கேட்டால் மாதத் தவணை 5,167 ரூபாய், வட்டி 24,000 ரூபாய். இருவருமே 12 சதவீதம் என்றுதான் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் அவரவர் கணக்குப்படி சரி. முதல் கணக்கில், தவணை கட்டக் கட்டக் குறைந்துகொண்டே வரும் அசலுக்கு மட்டும் வட்டி. ‘டிமினிஷிங்’ என்பார்கள். இரண்டாவதில், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி. அதற்குப் பெயர் ‘ஃப்ளாட் ரேட்’. 23 தவணை கட்டி முடித்து, பாக்கி ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய் மட்டும் நிற்கும் மாதத்திலும், ஒரு லட்சத்துக்கான வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஃப்ளாட் ரேட்டில் சொன்ன அந்த 12 சதவீதத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் ஆண்டுக்கு 21.5 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதோடும் முடிவதில்லை. ப்ராசஸிங் சார்ஜ், டாக்குமென்ட் சார்ஜ், கடனோடு சேர்த்துக் கட்டாயமாகத் தலையில் கட்டப்படும் இன்ஷூரன்ஸ் என்று 5,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கையில் 95,000 ரூபாய் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை அதே 5,167 ரூபாய்தான். இப்போது அந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 27 சதவீதம். வாய்வார்த்தையில் அது இன்னமும் ‘12 பர்சென்ட்’தான்.

பழக்கடையில் தராசு வைத்திருப்பவர் கூட இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடைக்கற்களுக்கு முத்திரை போட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. லட்சக்கணக்கில் கடன் கொடுப்பவர் பயன்படுத்தும் ‘சதவீதம்’ என்ற எடைக்கல்லுக்கு அப்படி ஒரு முத்திரை நெடுங்காலம் இல்லை. இப்போது ஒரு விதி வந்திருக்கிறது. நல்ல விதி. அது கடன் வாங்குகிறவரின் கைக்கு, அவர் படிக்கும் மொழியில், அவர் கையெழுத்துப் போடும் முன்பு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

விதிக்குப் போகும் முன் தெருவில் புழங்கும் கணக்கைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வட்டியைச் சதவீதத்தில் சொல்லும் வழக்கம் இல்லை. ‘ரெண்டு வட்டி’, ‘மூணு வட்டி’, ‘அஞ்சு வட்டி’ என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை ரூபாய் என்று பொருள். சில பகுதிகளில் ‘ரெண்டு பைசா வட்டி’. ஒரு ரூபாய்க்கு மாதம் இரண்டு பைசா. இது துல்லியமான முறை. பள்ளிக்கூடம் போகாத மூதாட்டி கூட, மூணு வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினால் மாதம் முந்நூறு எடுத்து வைக்க வேண்டும் என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்திய வரைக்கும் இதில் குழப்பம் இருக்கவில்லை. வட்டி கொடியதாக இருந்திருக்கலாம். அது எவ்வளவு என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

குழப்பம் தொடங்கியது இரண்டு மூன்று அளவுகோல்கள் ஒரே வாசலுக்கு வந்தபோது. மாதக் கணக்கு பேசும் உள்ளூர்க்காரர், ஆண்டுக் கணக்கு பேசும் வங்கி, ஃப்ளாட் ரேட் பேசும் ஃபைனான்ஸ், வாரத் தவணையை மட்டும் பேசும் நுண்கடன் நிறுவனம். வங்கிக்காரர் பன்னிரண்டு என்கிறார், உள்ளூர்க்காரர் இரண்டு என்கிறார். காதில் விழும்போது இரண்டு சிறிய எண். ஆனால், இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். மாதக் கணக்கையும் ஆண்டுக் கணக்கையும் பழகியவர்கள் இதைச் சரியாகவே மாற்றிக்கொள்வார்கள். ஃப்ளாட் ரேட்டையும் முன்கூட்டிப் பிடித்துக்கொண்ட தொகையையும் அப்படி மனக்கணக்கில் மாற்ற யாராலும் முடியாது. பொறியியல் படித்தவராலும் முடியாது. கணினியில் ஒரு சூத்திரம் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தண்டலை எடுத்துக்கொள்வோம். பூக்காரர், தள்ளுவண்டிக்காரர், மீன் விற்பவர் என்று தினமும் கையில் காசு பார்ப்பவர்கள் வாங்கும் கடன் இது. பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் கையில் 8,500 வரும். தினம் நூறு ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய் முன்னாலேயே பிடித்துக்கொண்டாயிற்று. பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, ஆகவே 15 சதவீதம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 121 சதவீதம். கையில் 9,000 கொடுக்கும் ‘இரக்கமான’ தண்டல்காரர் என்றாலும் 77 சதவீதத்துக்கு மேல்.

இந்த இடத்தில் தண்டல்காரர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதைக் கேட்காமல் கடந்துபோவது நியாயம் ஆகாது. “நூறு நாள் கடனுக்கு வருஷக் கணக்கு எதற்கு? ஆயிரத்து ஐந்நூறுதானே வாங்குகிறேன்? ஆதார் கேட்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை, காலை நாலு மணிக்கு மார்க்கெட்டுக்கு வந்து கொடுக்கிறேன், தினமும் நடந்து வந்து வசூலிக்கிறேன். அந்தக் கூலி வேண்டாமா?” என்பார். வேண்டும்தான். சிறிய கடனைக் கொடுத்து வசூலிக்கும் செலவு, அந்தக் கடன் தொகையோடு ஒப்பிட்டால் பெரியது என்பது உண்மை. வங்கிகள் இந்த மக்கள் பக்கம் திரும்பாததற்கு அதுவே காரணம். நூறு ரூபாய்க்குப் பூ வாங்கி மாலைக்குள் நூற்று ஐம்பதுக்கு விற்பவருக்கு ஒரு நாளைய வட்டி பெரிய பாரமாகத் தெரியாது என்பதும் உண்மை.

ஆனால், அந்தக் கடன் நூறு நாளில் முடிகிறதா? முடிவதில்லை. நூறாவது நாள் அடுத்த தண்டல் தொடங்குகிறது. பல சமயம் எழுபதாவது நாளே, மீதிப் பாக்கியைக் கழித்துக்கொண்டு புதுத் தண்டல் போடுவார்கள். அதிலும் மறுபடி ஆயிரத்து ஐந்நூறு பிடித்தம். நூறு நாளுக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும் ஓராண்டில் அவர் கொடுக்கும் வட்டி 5,475 ரூபாய். தினமும் நூறு நூறாகத் திருப்பிக் கொடுத்துவந்ததால், ஆண்டு முழுவதும் சராசரியாக அவர் கையில் இருந்த கடன் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவுதான். கையில் இருந்த கடனைவிடக் கொடுத்த வட்டி அதிகம். ஆண்டுக் கணக்கு காட்டுவது இதைத்தான். பத்தாண்டாகத் தண்டலில் இருக்கும் ஒருவருக்கு நூறு நாள் கணக்கு மட்டும் தெரிந்திருப்பதும், ஆண்டுக் கணக்கு தெரியாமல் இருப்பதும் அவருடைய பிழை ஆகாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களையே சட்டத்துக்குள் கொண்டுவந்த சட்டம் அது. மூன்று ஆண்டு வரை சிறை, முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதுதான், 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராக மனு மேல் மனு கொடுத்துப் பார்த்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீயில் கருகினார். நால்வரும் பிழைக்கவில்லை. அந்தக் குழந்தைகளின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. 2025-ல் சட்டமன்றம் இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. கடன் வசூலில் மிரட்டல், அவமானப்படுத்தல், வீட்டு வாசலில் வந்து நிற்பது போன்ற வன்முறைகளைத் தண்டிக்கும் சட்டம். இரண்டும் தேவையான சட்டங்கள். இரண்டுமே காயம் பட்ட பிறகு வருகிற காவலர்கள். கடன் கொடுக்கப்படும் அந்த நிமிடத்தில், என்ன விலைக்குக் கொடுக்கப்படுகிறது என்பதை உரக்கச் சொல்லவைக்கும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

அந்த வேலையை முதலில் பெரிய அளவில் செய்த நாடு அமெரிக்கா. அங்கும் அது எளிதாக நடக்கவில்லை. இல்லினாய் மாநிலத்தின் செனட்டராக இருந்த பால் டக்ளஸ் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். பொருளியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் காப்-டக்ளஸ் உற்பத்திச் சார்பில் இருக்கும் டக்ளஸ் அவர்தான். 1960-ல் அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். கடன் கொடுப்பவர் யாராக இருந்தாலும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து, மொத்தச் செலவை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே முறையில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். நிதி நிறுவனங்களும் தவணைக்கு விற்கும் கடைக்காரர்களும் கொதித்து எழுந்தார்கள். கடைச் சிப்பந்தியால் இந்தக் கணக்கைப் போட முடியாது என்றார்கள். வாடிக்கையாளர் மாதம் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்கிறார், சதவீதம் அவருக்கு எதற்கு என்றார்கள். மசோதா ஆண்டுக்கு ஆண்டு குழுவிலேயே முடங்கியது. டக்ளஸ் 1966 தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனார். அவர் விட்ட இடத்திலிருந்து செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் எடுத்து நடத்த, 1968 மே மாதம் அதிபர் லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். ஏபிஆர் என்று இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஆண்டுச் சதவீத விகிதம் சட்டமானது அப்படித்தான். பிரிட்டன் 1974-ல் தன் நுகர்வோர் கடன் சட்டத்தின் வழியாக அதே பாதைக்கு வந்தது.

கணக்குப் போட முடியாது என்ற அந்த வாதம் அப்போதே பலவீனமானது. ஒவ்வொரு சிப்பந்தியின் கையிலும் கணினி இருக்கும் இந்தக் காலத்தில் அதற்கு இடமே இல்லை. வாடிக்கையாளர் கேட்பதில்லை என்ற வாதம்தான் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் ஊர் ஷோரூம்களிலும் அதைக் கேட்கலாம்: “யாரும் வட்டி கேக்கிறதில்லை சார், மாசம் எவ்வளவுன்னுதான் கேக்கிறாங்க.” மாதம் எவ்வளவு என்று மட்டும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டால் மக்கள் அதைத்தானே கேட்பார்கள்?

இந்தியாவில் இந்த எண் சட்டபூர்வமாக வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நடுவில் ஒரு பெரிய விபத்து நடந்தது. 2010-ல் ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்கள் ஒரே பெண்ணுக்கு நான்கைந்து பேர் போட்டி போட்டுக் கடன் கொடுத்து, வசூலில் நெருக்கி, தற்கொலைகள் வரை போனது. மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கி மாலேகாம் தலைமையில் குழு அமைத்து, 2011-ல் நுண்கடன் வட்டிக்கு 26 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு அது வேறு வேறு வாய்பாடுகளாக மாறி, 2022 மார்ச்சில் வந்த புதிய நுண்கடன் விதிகளில் உச்சவரம்பே நீக்கப்பட்டது. வட்டியைச் சந்தை தீர்மானிக்கட்டும் என்றார்கள். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கான கடன்களைப் பற்றிய விதி இது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது, முன்கூட்டிக் கட்டி முடித்தால் அபராதம் கூடாது, வசூலுக்கு வரும் முகவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைத்து நச்சரிக்கக் கூடாது என்ற நல்ல பாதுகாப்புகள் அதில் இருக்கின்றன. ஆனால், விலை விஷயத்தில் உச்சவரம்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘தகவலைச் சொல்’ என்ற காவலைத்தான் நிறுத்தினார்கள். தகவல் போய்ச் சேராவிட்டால் அங்கே காவலே இல்லை என்று அர்த்தம்.

உச்சவரம்பை எடுத்தது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சந்தை விலையைத் தீர்மானிக்க, வாங்குகிறவர் இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும். வாரம் 620 ரூபாய் என்ற ஒரே தகவலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் எதை எதோடு ஒப்பிடுவார்?

2024 ஏப்ரல் 15-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கொடுக்கப்படும் எல்லாத் தவணைக் கடன்களுக்கும், வங்கியோ நிதி நிறுவனமோ, ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அதில் ஏபிஆர் இருக்க வேண்டும். வட்டி மட்டுமல்லாமல், நிறுவனம் வசூலித்து மூன்றாவது ஆளுக்குக் கொடுக்கும் இன்ஷூரன்ஸ், சட்டக் கட்டணம் போன்றவையும் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். மாதம் மாதம் எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி என்ற அட்டவணை இருக்க வேண்டும். அறிக்கையில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் பின்னால் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. படித்துப் பார்த்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் தர வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதை அவருக்கு விளக்கிச் சொல்லி, புரிந்துகொண்டேன் என்று ஒப்புதல் வாங்க வேண்டும்.

டக்ளஸ் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது. முப்பது நாற்பது பக்கக் கட்டு ஒன்று மேசைக்கு வருகிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. முக்கிய விவர அறிக்கையும் அந்தக் கட்டுக்குள் எங்கோ ஒரு பக்கமாக, பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. செல்பேசிக் கடன் என்றால் இன்னும் மோசம். பிடிஎஃப் ஒன்று வரும், திறப்பதற்குள் ஓடிபி கேட்கும், ஓடிபி கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மூன்று நாள் அவகாசம் உண்டு என்று எந்தச் சிப்பந்தியும் வாயைத் திறந்து சொல்வதில்லை. “இன்னைக்குப் போட்டாதான் சார் இந்த ஆஃபர்” என்கிறார்கள்.

சொல்லாமல் விடுவதோடு நிற்காமல் தவறாகக் கணக்கிடும் பழக்கமும் உண்டு என்பதை ரிசர்வ் வங்கியே பதிவு செய்திருக்கிறது. அதே 2024 ஏப்ரல் 29-ல் வந்த மற்றொரு சுற்றறிக்கை பலர் கண்ணில் படாமலே போனது. தன் ஆய்வாளர்கள் நேரில் கண்டவற்றை அதில் ரிசர்வ் வங்கி எழுதியிருக்கிறது. பணம் கைக்கு வந்த நாளிலிருந்து வட்டி போடாமல், கடன் அனுமதியான நாளிலிருந்தே வட்டி போட்டிருக்கிறார்கள். காசோலையில் தேதி போட்டு மேசைக்குள் வைத்துக்கொண்டு, பல நாள் கழித்துக் கொடுத்துவிட்டு, காசோலைத் தேதியிலிருந்து வட்டி எடுத்திருக்கிறார்கள். மாதத்தின் நடுவில் கொடுத்த கடனுக்கு முழு மாத வட்டி. ஒன்றிரண்டு தவணையை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, வட்டியை மட்டும் முழுத் தொகைக்கு. இந்தக் கடைசி வேலைக்கும் தண்டலுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் சட்டை காலரில் அடையாள அட்டை தொங்குகிறது, மற்றவர் கையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அப்படி அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க அந்த நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே, அளவுக்கு மீறிய வட்டி உள்ளிட்ட காரணங்களுக்காக நான்கு நிதி நிறுவனங்கள் புதுக் கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டது. அவற்றில் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நுண்கடன் நிறுவனம். சரிசெய்த பிறகு தடை நீங்கியது. கண்காணிப்பு இருந்தால் திருந்துவார்கள் என்பதற்கு அதுவே சான்று.

படித்தவர்களுக்கு இது பொருந்தாது என்று யாரும் எண்ண வேண்டாம். கிரெடிட் கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்று போட்டிருப்பதைச் சிறிய எண்ணாகப் பார்த்துப் பழகியவர்கள் மென்பொருள் நிறுவனங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது ஆண்டுக்கு 42 சதவீதம். கிராமத்து ‘மூணரை வட்டி’. 50,000 ரூபாய் பாக்கி வைத்து, அதில் ஐந்து சதவீதமாக 2,500 ரூபாய் மட்டும் கட்டுகிறவரின் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். வட்டிக்கு 1,750. அந்த வட்டியின் மேல் ஜிஎஸ்டி 315. அசலில் குறைவது 435 ரூபாய். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வட்டியை நிர்ணயிப்பது ரிசர்வ் வங்கியின் வேலை, ஆணையத்தின் வேலை அல்ல என்றது. ஆக, இங்கும் உச்சவரம்பு இல்லை. பூஜ்ய வட்டித் தவணை என்ற விளம்பரமோ இன்னும் ஓடுகிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, அது வாடிக்கையாளரை ஏமாற்றும் மறைப்பு என்ற கருத்தில் ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதியாயிற்று. ரொக்கம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியை விட்டுக்கொடுத்ததுதான் அங்கே வட்டி.

விலையை வெளிப்படையாகச் சொல்வது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. 1010-ல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தால், கோயிலுக்கு வந்த பணத்தைக் கிராம சபைகள் கடனாகப் பெற்ற விவரம் பக்கம் பக்கமாக வருகிறது. எந்த ஊர்ச் சபை, எத்தனை காசு வாங்கியது, எத்தனை பொலிசை தர வேண்டும் என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு என்பது பல இடங்களில் வரும் விகிதம். இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். தொகை, விகிதம், காலம் மூன்றும் ஒரே வரியில். அதுவும் ஆண்டுக் கணக்கில். ஊரார் எல்லோரும் போய்ப் பார்க்கும் சுவரில். பின்னாளில் ரங்கூனில் தொழில் செய்த நகரத்தார்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான ‘நடப்பு வட்டி’யைக் கோயிலில் கூடி மாதந்தோறும் முடிவு செய்துகொண்டார்கள். வாங்கிய விவசாயிகளிடம் அதே வெளிப்படைத் தன்மை இருந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால், தொழில் தெரிந்தவர்கள் தங்களுக்குள் விலையை மறைத்துப் பேசிக்கொள்ளவில்லை.

எண்ணைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத இரவில் பணம் தேடும் தாய்க்கு 27 சதவீதமும் ஒன்றுதான், 120 சதவீதமும் ஒன்றுதான். அவருக்கு வேண்டியது கூட்டுறவுச் சங்கத்தில் அவசரத்துக்குக் கிடைக்கும் சிறு கடன். அது இல்லாத ஊரில் எந்த அறிக்கையும் தண்டல்காரரை விரட்டாது. இருந்தும் இந்த எண் வேண்டும் என்கிறேன். காரணம், பெரும்பாலான கடன்கள் அப்படிப்பட்ட இரவில் வாங்கப்படுவதில்லை. வண்டிக்கும் வாஷிங் மெஷினுக்கும் வீட்டு மராமத்துக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் நிதானமாகவே வாங்கப்படுகின்றன. அங்கே பத்து சதவீத வித்தியாசம் தெரிந்தால் மக்கள் கட்டாயம் கடை மாறுவார்கள். அரிசியில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைகிறது என்றால் அடுத்த தெருவுக்கு நடக்கும் மக்கள் நாம்.

செய்ய வேண்டியதில் முதலாவது பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்தில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் இருக்கின்றன. மாணவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். வாழ்நாள் முழுக்க அவர்கள் எதிர்கொள்ளப்போவது தவணைக் கடனை. குறையும் அசலுக்கு வட்டி போடுவது எப்படி, ஃப்ளாட் ரேட் என்றால் என்ன என்று ஒரு பயிற்சி கூட அந்த வயதில் அவர்கள் கைக்கு வருவதில்லை. அந்தப் பாடத்துக்கு இன்னும் நான்கு பக்கம் சேர்க்க வேண்டும். உண்மையான ஒரு கடன் அறிக்கையை, பெயரை நீக்கிவிட்டு, அப்படியே அச்சிட வேண்டும்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அடுத்தது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய இயக்கம் இது. குழு நோட்டில் அசலையும் வட்டியையும் தனித்தனியே எழுதிப் பழகிய லட்சக்கணக்கான பெண்கள் இன்று இருக்கிறார்கள். மாதம் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ, குறையும் அசலுக்கு என்று அவர்களே விதித்து அவர்களே வசூலிக்கிறார்கள். ஊரில் புதிதாக ஒரு நுண்கடன் நிறுவனம் கூட்டம் போடும்போது, அதன் அறிக்கையை வாங்கி உரக்கப் படித்துக் காட்ட இவர்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை. இதற்கு அரசு செலவழிக்க வேண்டியது மிகக் குறைவு.

நகைக் கடனில் ஒரு நல்ல முன்மாதிரி வந்திருக்கிறது. 2025 ஜூனில் வெளியான ரிசர்வ் வங்கி விதிகளின்படி, நகைக் கடன் பத்திரங்களும் ஏல அறிவிப்பும் அந்த வட்டாரத்தின் மொழியிலோ கடன் வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கும் மொழியிலோ இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் நிபந்தனைகளை விளக்க வேண்டும். இவற்றைக் கைக்கொள்ள நிறுவனங்களுக்குத் தரப்பட்ட காலக்கெடு 2026 ஏப்ரல் 1. மாதாமாதம் வட்டி கட்டினால் ஒரு விகிதம், மூன்று மாதம் தாண்டினால் இன்னொன்று என்று படிப்படியாக ஏறும் திட்டங்களில் நகையை இழந்தவர்களுக்கு, அந்தச் சாட்சி ஒருவர் முன்பே பக்கத்தில் இருந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும். சாட்சி விதியை எல்லாக் கடன்களுக்கும் விரிவாக்க ரிசர்வ் வங்கிக்கு என்ன தடை?

ஏமாற்றப்பட்டவர்கள் போக இடம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் தமிழில் பேசலாம். அறிக்கையில் சொல்லாத கட்டணத்தைப் பிடித்தார்கள் என்பது நேரடியாகப் புகாராக்கக்கூடிய விஷயம். முக்கிய விவர அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால் புகார் பாதி வென்ற மாதிரி.

ரிசர்வ் வங்கியின் கை எட்டாத இடத்தில் மாநில அரசு இருக்கிறது. தெருமுனை ஃபைனான்ஸ், அடகுக்கடை, தனியார் வட்டித் தொழில் ஆகியவை மாநிலச் சட்டங்களின் கீழ் வருகின்றன. 2025 சட்டம் வசூல் முறையைக் கட்டுப்படுத்துகிறது. கடன் கொடுக்கும்போது ஒரு பக்கத் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கவும் அரசு முன்வர வேண்டும். அந்தத் தாளில் நான்கு எண்கள் போதும்: கையில் வரும் தொகை, ஒவ்வொரு தவணையின் அளவு, கடைசி வரை கட்ட வேண்டிய மொத்தத் தொகை, எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம். எழுத்து பெரிதாக, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். அந்தத் தாளின் நகலைக் கொடுக்காதவர் அசலை மட்டுமே திரும்பக் கேட்கலாம், வட்டி கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்று சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தால், எந்த ஃபைனான்ஸ்காரரும் தாள் கொடுக்க மறக்க மாட்டார்.